முதல்வர் அறையும் சட்டமும்: கரிசல் வட்டாரக் கல்லூரிகளை முன்வைத்து மாணவர் ஒழுங்கு நடவடிக்கையின் வரலாறு (1907–2024)

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை நெடுங்காலம் முதல்வரின் தனியதிகாரமாகவே கருதப்பட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும், 1997 முதல் தமிழகச் சட்டங்களும், பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளும் அவ்வதிகாரத்தை இரண்டு கடமைகளாக மாற்றின. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கேட்டல் ஒன்று. முறையிட்டவரைக் காத்தல் மற்றொன்று. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் வட்டாரத்தின் சமூக, கல்விச் சூழலில் வைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கடமையைச் சட்டம் முதல்வர் மேல் ஏற்றிய அளவுக்கு, அதனை நிறைவேற்றுவதற்கான எழுத்து விதிகளும் பயிற்சியும் சட்ட உதவியும் கல்லூரிகளில் வளர்க்கப்பட வேண்டும் என்பது இதன் முடிபாகும்.

திறவுச் சொற்கள்

கரிசல் வட்டாரம், கோவில்பட்டி, மாணவர் ஒழுங்கு நடவடிக்கை, இயற்கை நீதி, பகடிவதைத் தடுப்புச் சட்டம், சாதி அடையாளம், மாற்றுச் சான்றிதழ்.

முன்னுரை

தமிழகக் கல்லூரிகள் ஆண்டுதோறும் அச்சிட்டு வழங்கும் நாட்காட்டியில் மாணவர் நடத்தை விதிகள் சில பக்கங்களில் இடம்பெறுவது வழக்கம். வருகைப்பதிவு, உடை, விடுதி நேரம், கைப்பேசி எனத் தொடரும் அவ்விதிகளின் இறுதியில், ஒழுங்கு தொடர்பானவற்றில் முதல்வரின் முடிவே இறுதியானது என்னும் கருத்தமைந்த தொடர் பெரும்பாலும் காணப்படும். இத்தொடர் ஒரு காலத்தில் நடைமுறை உண்மையாக இருந்தது. இன்று அது சட்டப்படி முழு உண்மையன்று. முதல்வரின் முடிவு பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மேல்முறையீட்டுக்கும் உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணைக்கும் உட்பட்டது. அவர் முடிவெடுக்காமல் வாளாவிருந்தால், அதுவே சில சூழல்களில் குற்றத்துக்கு உடந்தையாகக் கொள்ளப்படும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் நடத்தையைக் கவனிப்பதற்கெனத் தனி அலுவலர்கள் உள்ளனர். அவர்களுக்குத் தொழில்முறைச் சங்கமும், புதிய தீர்ப்புகளையும் சட்ட வரைவுகளையும் அறிவிக்கும் சட்ட, கொள்கை வளங்களும் உண்டு. தமிழகக் கலை அறிவியல் கல்லூரியில் இப்பணி முதல்வர், துறைத்தலைவர், விடுதிக் காப்பாளர், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் ஆசிரியர்கள் ஆகியோரிடம் கற்பித்தல் பணியோடு சேர்ந்தே இருக்கிறது. தமிழ் இலக்கியமோ வேதியியலோ கற்பிக்கும் ஒருவர் மதிய இடைவேளைக்குப் பின் விசாரணை அலுவலராக அமர்கிறார். அவர் கையில் எவ்வகை அதிகாரம் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதை வரலாற்று நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரிசல் நிலமும் கல்லூரிகளின் வருகையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு வட்டங்களும், விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டங்களும் கரிசல் மண் பரவிய மானாவாரி நிலப்பரப்பின் முக்கியப் பகுதிகள். மழையில் ஊறிக் களியாவதும் கோடையில் பாளமாக வெடிப்பதும் இம்மண்ணின் இயல்பு. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், மல்லி ஆகியன இங்கு விளைகின்றன. 1901இல் கோவில்பட்டியில் நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் இப்பகுதியின் பருத்தி வேளாண்மைக்கு ஆங்கில அரசு அளித்த முதன்மையைக் காட்டும். நூற்பாலை, தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் வேளாண்மைக்கு அப்பாலான பிழைப்பைத் தந்தன.

இவ்வட்டாரத்திலும் இதன் விளிம்பிலும் கல்லூரிகள் தோன்றியது பெரும்பாலும் விடுதலைக்குப் பின்னரே. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947லும், தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி 1948லும் வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951லும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963லும் தொடங்கின. கோவில்பட்டியில் கோ.வெங்கடசாமி நாயுடு கல்லூரி 1966இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மதுரைப் பல்கலைக்கழகமும் உருவானது. 1984இல் நேஷனல் பொறியியல் கல்லூரி கோவில்பட்டிக்கு வந்தது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. முதலாவது, இக்கல்லூரிகளுள் பல வணிகர்களும் ஆலை உரிமையாளர்களும் சமுதாய அறக்கட்டளைகளும் தந்த கொடையால் எழுந்தவை. கொடையாளர், நிருவாகம், முதல்வர், மாணவர் என்னும் உறவில் தந்தை – பிள்ளை என்னும் உறவுமுறை இயல்பாகவே படிந்தது. இரண்டாவது, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் மாணவருக்குக் கல்லூரியிலிருந்து நீக்கப்படுதல் என்பது ஓராண்டு இழப்பாக நிற்பதில்லை. தீப்பெட்டி அலுவலகத்துக்கோ நிலத்துக்கோ திரும்பிச் செல்வதாக முடியக்கூடும். எனவே ஒழுங்கு நடவடிக்கையின் நேர்மை இங்கு வாழ்வாதாரத்தோடு பிணைந்த வினாவாகிறது.

சுற்றறிக்கையும் வில்லையும்: 1907–1911

மாணவர் ஒழுங்கு பற்றிய அரசின் எழுத்துபூர்வமான அக்கறை சுதேசி இயக்கக் காலத்தில் கூர்மையடைந்தது. வங்காளத்தில் 1905இல் வெளியான கார்லைல் சுற்றறிக்கையும், இந்திய அரசின் உள்துறைச் செயலர் ரிஸ்லியின் பெயரால் 1907இல் வெளியான சுற்றறிக்கையும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் அரசியல் கூட்டங்களிலிருந்து விலக்கிவைக்க முயன்றன. அடங்காத கல்வி நிறுவனத்துக்கு மானியமும் கல்வி உதவித்தொகை வாய்ப்பும் மறுக்கப்படும் என்பது அவற்றின் அச்சுறுத்தல். மாணவரின் நடத்தையைத் தண்டிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு. தவறினால் தண்டனையும் நிறுவனத்துக்கு. பின்னாளைய சட்டங்களில் வேறொரு நோக்கத்துடன் இதே அமைப்பு மீண்டும் தோன்றுவதைக் காணலாம்.

சென்னை மாகாணத்தில் இதன் முதற்பெரும் நிகழ்வு 1907இல் ராஜமுந்திரியில் நடந்தது. விபின் சந்திர பாலின் வருகைக்குப் பின் மாணவர்கள் ‘வந்தே மாதரம்’ பொறித்த வில்லைகளை அணிந்து வந்தனர். முதல்வர் மார்க் ஹண்டர் அதனைத் தடை செய்தார். எதிர்த்த மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் முதன்மையானவரான காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதோடு அரசுப் பணிக்கும் தகுதியற்றவராக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு கரிசல் மண்ணின் மைந்தர் ஒருவரின் கைது தென்பாண்டி நாட்டைக் கொந்தளிக்கச் செய்தது. ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியில் மாணவர்களும் பங்கேற்றனர். துப்பாக்கிச்சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் மாவட்ட ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பின் அரசின் கண்காணிப்பு மேலும் இறுகியது. இக்காலத்தில் ஒழுங்கு என்பது அரசுக்கு விசுவாசம் என்றே பொருள்பட்டது. ராஜமுந்திரியில் நீக்கப்பட்டவர்களின் பக்கத்து நியாயத்தைக் கேட்டு எடைபோடும் கடமை எதையும் அன்றைய கல்லூரி விதிகள் முதல்வர் மேல் சுமத்தவில்லை.

மொழிப்போரும் மூடப்பட்ட கல்லூரிகளும்: 1965

விடுதலைக்குப் பின்னும் மாணவர் கூட்டாக எழுந்தபோது நிருவாகம் அறிந்த கருவி ஒன்றே, கல்லூரியை மூடுதல். 1965 சனவரி இறுதியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மதுரையிலிருந்து பரவியபோது கல்லூரிகள் மூடப்பட்டன. சிதம்பரத்தில் சனவரி 27 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் உயிரிழந்தார். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், அப்போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ.சீனிவாசன் கரிசல் வட்டாரத்தின் விருதுநகர்த் தொகுதியில் காமராசரை 1,285 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார்.

இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட 1966இல் கோவில்பட்டியின் கலைக்கல்லூரி தோன்றியது. மாணவர் என்பவர் அடக்கப்பட வேண்டிய பிள்ளை என்னும் பழைய கருத்தும், வாக்களித்து ஆட்சியை மாற்றும் குடிமகன் என்னும் புதிய உண்மையும் எதிர்கொண்ட தருணம் அது. அரசியல் அரங்கில் நிகழ்ந்த இம்மாற்றம் முதல்வர் அறைக்குள் வருவதற்கு நீதிமன்றங்கள் வழியமைத்தன.

கேட்டபின் தீர்ப்பு: 1962–1989

ஒருவரைக் கேளாமல் தண்டிக்கலாகாது என்னும் நெறி தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஆராயாது விதித்த கொலைத்தண்டனை அரசனையும் நகரையும் எவ்வாறு அழித்தது என்பதே சிலப்பதிகார மதுரைக் காண்டத்தின் மையம். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் ஆராய்தலையும் ஒருபால் சாராமையையும் முறைசெய்தலின் முதற்படிகளாக வைக்கிறது. ஆங்கிலச் சட்ட மரபில் இந்நெறியின் புகழ்பெற்ற முன்னோடி வழக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் எழுந்தது என்பது இங்குப் பொருத்தமானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அறிஞர் பெண்ட்லியின் பட்டங்களை அவரைக் கேளாமலே பறித்தது. 1723இல் நீதிமன்றம் அவற்றைத் திரும்ப அளிக்க ஆணையிட்டது. ஆதாமைத் தண்டிக்குமுன் இறைவனும் அவன் பக்கத்து விளக்கத்தைக் கேட்டான் என்னும் கருத்து அவ்வழக்கில் சுட்டப்பட்டது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1962இல் உத்தரப் பிரதேசக் கல்வி வாரியத்துக்கு எதிரான கன்சியாம் தாஸ் குப்தா வழக்கில், தேர்வு முறைகேட்டுக்காக மாணவரைத் தண்டிக்கும் குழு நீதிமுறை சார்ந்த கடமையை ஆற்றுகிறது. எனவே மாணவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தரவேண்டும் என்று அறுதியிட்டது. அலுவல் அறையில் நடப்பது வெறும் நிருவாகச் செயல் என்னும் எண்ணம் இத்தீர்ப்போடு தகர்ந்தது. இதற்கு ஓராண்டு முன்னர், 1961இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கல்லூரியிலிருந்து கேளாமலே நீக்கப்பட்ட கறுப்பின மாணவர்களின் வழக்கில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதே நெறியை வகுத்தது. நிற வேறுபாட்டுக்கு எதிராக உணவகத்தில் அமர்ந்து போராடியதே அம்மாணவர்கள் செய்த செயல். அந்நாட்டில் மாணவர் நடத்தை நிருவாகம் தனித் தொழிலாக வளர்ந்ததற்கு இத்தீர்ப்பு அடித்தளமானது.

எனினும் உச்ச நீதிமன்றம் கல்லூரியைக் குற்றவியல் நீதிமன்றமாக்க முற்படவில்லை. கேரளப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக சுரேஷ் கோஷி ஜார்ஜ் தொடுத்த வழக்கில், 1968இல், இயற்கை நீதியின் விதிகள் இறுகிய வாய்பாடுகள் அல்ல. சூழலுக்கேற்ப அமைவன என்று விளக்கியது. 1970இல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில், ஒரு மையம் முழுவதும் முறைகேடு நடந்து தேர்வே நீக்கப்படும்போது ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியதில்லை என்றது.

இவ்வரிசையில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது 1973இன் ஹீராநாத் மிஸ்ரா வழக்கு. ராஞ்சி மருத்துவக் கல்லூரி மாணவியர் விடுதிக்குள் இரவில் நுழைந்து இழிவாக நடந்துகொண்டதாக மாணவர் சிலர்மேல் முறையீடு வந்தது. மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு மாணவியரின் கூற்றுகளை மாணவர்கள் இல்லாத நேரத்தில் பதிவு செய்தது. நிழற்படங்களைக் கொண்டு அடையாளம் காணச் செய்தது. பின் மாணவர்களை அழைத்துக் குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் பெற்றது. குறுக்கு விசாரணை இல்லை என்பதே மாணவர்களின் குறைபாடு. முறையிட்ட பெண்களைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்முன் நிறுத்துவது அவர்களுக்கு ஆபத்தானது. குற்றச்சாட்டின் சாரம் தெரிவிக்கப்பட்டு விளக்கம் கேட்கப்பட்டதே போதும் என்று நீதிமன்றம் அந்நீக்கத்தை உறுதிசெய்தது. கேட்டலும் காத்தலும் ஒன்றையொன்று விலக்காமல் நிற்கும் முறையை இத்தீர்ப்பு காட்டுகிறது.

இவை அரசு நிறுவனங்களுக்கே உரியவை என்று அறக்கட்டளைக் கல்லூரிகள் ஒதுங்க இயலாது. குசராத்தின் ஓர் அறக்கட்டளைக் கல்லூரி ஆசிரியர்கள் தொடர்பான ருதானி வழக்கில், 1989இல், பொதுக்கடமை ஆற்றும் தனியார் நிறுவனத்துக்கு எதிராகவும் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் கோவில்பட்டி மாணவர் அவ்வுரிமையைப் பயன்படுத்த ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பின்னரே அவ்வுரிமை ஒருநாள் பேருந்துப் பயணத்துக்குள் வந்தது. கரிசல் வட்டாரத்து ஒழுங்கு நடவடிக்கையின் வரலாற்றில் இந்நாளுக்கும் ஓர் இடமுண்டு.

செயல்படாமையும் குற்றமாதல்: 1996–2009

1962 முதல் 1989 வரையிலான தீர்ப்புகள் முதல்வர் தண்டிக்கும் முறையை நெறிப்படுத்தின. அவர் தண்டிக்காமல் விட்டால் என்ன என்னும் வினாவை எழுப்பியது 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த கொலை. முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு விடுதியில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். கல்வி நிருவாகத்தின் உச்சியில் இருந்தவரின் பிள்ளைக்கும் விடுதி பாதுகாப்பளிக்கவில்லை என்பது தமிழகத்தை உலுக்கியது. அவ்வாண்டே அவசரச் சட்டமும் 1997இல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டமும் பிறந்தன.

அச்சட்டம் பகடிவதைக்கு ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. தண்டனை பெற்ற மாணவர் நீக்கப்பட வேண்டும். வேறு கல்வி நிறுவனத்திலும் சேர்க்கப்படலாகாது. முறையீடு வந்தவுடன் நிறுவனத் தலைவர் உடனே விசாரித்து, உண்மையெனக் கண்டால் இடைநீக்கம் செய்ய வேண்டும். இவற்றினும் புதுமையானது, அவ்வாறு செய்யத் தவறும் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கொள்ளப்படுவார் என்னும் பிரிவு. 1907இன் சுற்றறிக்கை ஆட்சியின் நலனுக்காக நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. 1997இன் சட்டம் மாணவரின் உயிருக்காகப் பொறுப்பாக்குகிறது.

பொன் நாவரசு வழக்கில் 1998இல் கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டளித்தது. குற்றவியல் நீதி இறுதிநிலை எய்த ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. கல்லூரியின் விசாரணை மணிக்கணக்கில் தொடங்கப்பட வேண்டியதன் தேவையை இக்கால நீட்சியே உணர்த்தும்.

1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷாவின் இறப்பையடுத்துப் பெண் சீண்டல் தடைச் சட்டம் வந்தது. கல்வி நிறுவன வளாகத்துக்குள் நடப்பதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையை அது பொறுப்பாளர்மேல் வைத்தது. 2001இல் விஸ்வ ஜாக்ரிதி மிஷன் வழக்கிலும், 2007இல் ஆர்.கே.இராகவன் குழுவின் அறிக்கையை ஏற்றும் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் வழங்கியது. இவற்றின் தொடர்ச்சியாக 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு பகடிவதை ஒழிப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. மாணவரும் பெற்றோரும் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரம், நிறுவனத் தலைவர் தலைமையிலான குழு, திடீர்ச் சோதனை செய்யும் பறக்கும் குழு, 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை, இணைவுக் கல்லூரியின் தண்டனை ஆணைக்கு எதிராகத் துணைவேந்தரிடம் மேல்முறையீடு ஆகியன அதன் கூறுகள். குற்றம் செய்தவர் அடையாளம் காணப்படாதபோது கூட்டுத் தண்டனை வழங்கவும் அது இடமளிக்கிறது. தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்தும் இயற்கை நீதியோடு இக்கூறு எளிதில் பொருந்துவதில்லை. அதனைக் கையாளும் குழு மிகுந்த எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

கயிறும் பேருந்தும்: சாதி அடையாளத்தின் வினா

மேற்கண்ட சட்டங்கள் மூத்தவர் – இளையவர், ஆண் – பெண் என்னும் உறவுகளை முன்வைத்தவை. கரிசல் வட்டாரக் கல்லூரி எதிர்கொள்ளும் மற்றொரு கோடு சாதி. ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்டு 31 அன்று நடந்த காவல்துறைத் தாக்குதலும் அதனைச் சூழ்ந்த மோதல்களும் தென்மாவட்டங்களின் நினைவில் ஆழப் பதிந்தவை. போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டி விருதுநகர்ப் பகுதியில் பதற்றம் மூள, 1997இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. பெயரும் அடையாளமும் மோதலுக்கு விதையாகும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது.

2023 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். உடன்பயின்ற மாணவர்களின் துன்புறுத்தல் குறித்துப் பள்ளியில் முறையிட்டதைத் தொடர்ந்தே இத்தாக்குதல் நடந்தது. ஒழுங்கு நிருவாகம் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் கடுமையானது: முறையீட்டாளரின் பெயர் வெளிப்படுமானால் முறையீடே அவருக்கு ஆபத்தாகலாம். கரிசல் ஊர்களில் முறையிட்டவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் மாலையில் ஒரே நகரப் பேருந்தில் ஏறி அடுத்தடுத்த தெருக்களில் இறங்குபவர்களாக இருக்கக்கூடும். ஹீராநாத் மிஸ்ரா தீர்ப்பின் நெறி ராஞ்சியின் விடுதிக்கு எவ்வளவு பொருந்தியதோ அவ்வளவு இப்பேருந்துக்கும் பொருந்தும்.

நாங்குநேரி நிகழ்வையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி முதலிய அடையாளங்களைத் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குதல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். தொடக்கக் கல்வி முதல் உயர்கல்வி வரை மாணவர், ஆசிரியர், நிருவாகம் ஆகிய அனைவருக்கும் கடமைகளை வரையறுக்கும் சமூக நீதிச் சட்டம் ஒன்றையும் அது பரிந்துரைத்தது.

1907இல் வில்லை; 2024இல் கயிறு. இரண்டும் மாணவர் உடலில் அணியும் குறிகளே. முன்னது ஆதிக்கத்தை எதிர்த்த குறி. பின்னது ஆதிக்கத்தை நிலைநாட்டும் குறி. அடையாளத்தைத் தடைசெய்யும் விதி, வாசகத்தில் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடும். எனவே கயிற்றுக்கு எதிரான விதியை எழுதும் நிருவாகி, எந்தத் தீங்கைத் தடுக்க அவ்விதி எழுதப்படுகிறது என்பதையும் விதியிலேயே கூற வேண்டும். காரணம் கூறப்படாத தடை நாளை எந்த எதிர்ப்புக் குரலையும் அடக்கும் கருவியாக மாறலாம்.

நடைமுறைக்குத் தேவைப்படுவன

இவ்வரலாற்றிலிருந்து முதல்வரின் மேசைக்கு வேண்டுவன சில தெளிவாகின்றன. முதலாவது, எழுதப்பட்ட நடைமுறை. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். பதிலளிக்க நாள் தரப்பட வேண்டும். முறையிட்ட ஆசிரியரே விசாரணைக் குழுவில் அமரலாகாது. ஆணையில் காரணமும் மேல்முறையீட்டு வழியும் இடம்பெற வேண்டும். தமிழகக் கல்லூரிகளில் பரவலாக உள்ள மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கும் வழக்கம் இங்கு மறுபரிசீலனைக்குரியது. குற்றச்சாட்டு இன்னதென அறியுமுன் மாணவர் எழுதிய மன்னிப்பு, பின்னர் ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் நிற்கிறது. அது விசாரணைக்கு மாற்றாகாது.

இரண்டாவது, தண்டனைகளின் படிநிலை. எச்சரிக்கைக்கும் நீக்கத்துக்கும் இடையே பல படிகள் உள்ளன. பேச்சுவழக்கில் டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புதல் பெயரளவில் தண்டனையன்று; விளைவில் நீக்கமே. அதில் நடத்தைக்கென உள்ள ஒற்றை வரி, அடுத்த கல்லூரியின் வாயிலையும் வேலைவாய்ப்பையும் தீர்மானிக்கிறது. நீக்கத்துக்குரிய விசாரணை இல்லாமல் நீக்கத்தின் விளைவை உண்டாக்கும் வழியாக அச்சான்றிதழ் பயன்படலாகாது.

மூன்றாவது, நில இயல்பறிந்த விதி. ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பும் பருவத் தேர்வும் ஒருங்கே வருகின்றன. மானாவாரிக் குடும்பத்து மாணவரின் வருகைக் குறைவை ஒழுங்கீனமாகக் கொள்ளுமுன் காரணம் கேட்கப்பட வேண்டும். பெற்றோரை அழைத்து வரச் சொல்லும் எளிய ஆணை, ஒரு நாள் கூலியை விலையாகக் கேட்பது என்பதும் கருதத்தக்கது.

நான்காவது, சட்ட அறிவின் புதுப்பிப்பு. முதலாண்டு மாணவர் 18 வயது நிரம்பாதவராயின் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பது கட்டாயம். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2023இன் மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளில் உள்ள குறைகேள் அலுவலர் ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என விதிப்பரப்பு விரிந்துகொண்டே செல்கிறது. தனியொரு முதல்வர் இவற்றையெல்லாம் தாமே தொகுத்தறிவது அரிது. இணைவிக்கும் பல்கலைக்கழகம் தமிழில் ஒரு கையேட்டையும், ஆண்டுதோறும் பயிற்சியையும், ஐயம் எழும்போது அணுகத்தக்க சட்ட உதவியையும் தருமாயின், சிறு நகரக் கல்லூரியும் பெருநகரக் கல்லூரிக்கு நிகரான முறையில் இயங்க முடியும். சட்ட வரைவுகள் உருவாகும்போது இக்கல்லூரிகளின் பட்டறிவு அரசைச் சென்றடையவும் அதுவே வாயிலாகும்.

முடிவுரை

1907இல் கல்லூரி முதல்வர் அரசின் சார்பில் தண்டித்தார். 1960களில் தந்தையின் நிலையில் தண்டித்தார். இன்று சட்டத்தின்கீழ் பொறுப்புள்ள ஒருவராக முடிவெடுக்கிறார். இம்மாற்றம் அவர் அதிகாரத்தைக் குறைத்ததாகத் தோன்றினும் உண்மையில் அம்முடிவுக்கு வலுச் சேர்த்துள்ளது. கேட்டு எழுதிய ஆணை மேல்முறையீட்டிலும் நிலைக்கிறது. கேளாது நீக்கப்பட்ட மாணவரும், முறையிட்டும் காக்கப்படாத மாணவரும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள். கரிசல் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் முதற் பட்டம் இக்குறைபாட்டால் தடைபடாதிருக்க, நாட்காட்டியின் இறுதித் தொடர் திருத்தி எழுதப்பட வேண்டும்: முதல்வரின் முடிவு, உரியவரைக் கேட்டபின், காரணத்துடன், மேல்முறையீட்டுக்கு உட்பட்டது.